வியர்வை படாத ஜெர்சி

"கோபக்காரனுக்கு நம்ம கால்பந்து கிளப்புல இனி இடமில்லை."

ஜன்னல் வழியே தலைவர் டைட்டஸின் குரல் கேட்டதும், ஜெர்சி துவைக்கும் ரெஜினா நேரே கமிட்டிக் கூட்டத்துக்குள் போனாள். போன வருஷம் இருபது கோல் அடித்த கிளாரன்ஸ், நடுவரைத் தள்ளிவிட்டதற்காக ஒரு மணி நேரமாகத் திட்டு வாங்கியபடி வாய் திறக்காமல் நின்றிருந்தான்.

"இவனை மறுபடி எடுங்கய்யா."

"யார் என்ன சொன்னாலும் கோபப்படாத ஆள்தான் எனக்கு வேணும்."

"அப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லைங்கய்யா."

"ஏன், நான் இல்லையா?"

"இவன் இடத்துல இறக்குறீங்களே உங்க மகன், அவர் ஜெர்சியை நான் துவைச்சதே இல்லைங்கய்யா. மேட்ச் முடிஞ்சும் வியர்வை இருக்காது."

தலைவர் வீசிய டீ கிளாஸ் சுவரில் மோதி உடைந்தது. கமிட்டி மொத்தமும் அவரையே பார்த்தது.

கிளாரன்ஸ் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்த அவனுடைய ஒப்பந்தத் தாளை ரெஜினா தலைவர் முன் நகர்த்தினாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.