பனிக்குகையில் கேட்ட குரல்கள்

மூடுபனி இறங்கும் ஒரு மலைக்காட்டில், ஆண்டுக்கு ஏழு நாள்கள் விலங்குகள் வெளியே நடமாடுவதில்லை. அந்தப் பனிக்குள் ஏதோ ஒன்று உலவியது. அதற்குக் காலடித் தடம் இல்லை. அதனிடம் அகப்பட்டவர் திரும்பியதும் இல்லை.

ஆகவே, பனி ஏறத் தொடங்கியதும் அனைவரும் பாறைக்குகைக்குள் புகுவர். உள்ளே முகம் தெரியாத இருள். கரடி குரல்களைக் கேட்டு ஆள் எண்ணிய பின், பெருங்கல்லை உருட்டி வாயிலை அடைக்கும். ஏழு நாள்கள் கழியும்வரை கல்லை நகர்த்தக் கூடாது என்பது அவர்களது கட்டுப்பாடு.

அன்று கரடி உரக்கக் கேட்டது: "யார் யார் வந்தீர்கள்?"

"நான் வந்துவிட்டேன்!" என்று அனைவரும் ஒரே நேரத்தில் கத்தினர். ஒரு குரலும் விளங்கவில்லை. கரடி மறுபடியும் கேட்டது. கூச்சல் மிகுந்தது. பனி வாயிலை நெருங்கியது.

"என் தங்கை வந்தாளா?" என்று சருகுமான் கேட்டது. அருகிலிருந்த தேவாங்குக்கு மட்டுமே அது கேட்டது.

"கரடியாரே, இப்படி அழைத்தால் ஏழு நாளும் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அழைக்கும் பொறுப்பை என்னிடம் விடுங்கள்" என்றது தேவாங்கு.

காட்டுப்பன்றி உறுமிச் சிரித்தது. "ஓரடி வைக்க ஒரு பொழுது எடுப்பவனே! நீயா எங்களை விரைவுபடுத்தப் போகிறாய்?"

தேவாங்கு அதைப் பொருட்படுத்தவில்லை. "கொம்புள்ளோர் மட்டும் பேசுங்கள்!"

இரண்டு குரல்கள் மோதின.

"கிளைத்த கொம்புள்ளோர் மட்டும்!"

"கடமான் வந்துவிட்டேன்."

"கிளைக்காத கொம்புள்ளோர்?"

"காட்டெருமை வந்துவிட்டேன்."

"பெயர் சொன்னவர்கள் இனி வாய் திறக்காதீர்கள். கொம்பில்லாத குளம்புள்ளோர்?"

மீண்டும் குரல்கள் மோதின. தேவாங்கு அவர்களையும் பிரித்து அழைத்தது. முதலில் பன்றி பேசியது. அடுத்து, "சருகுமான், நான் ஒருத்திதான்" என்று ஒரு மெல்லிய குரல் வந்தது. பிறகு முள்ளம்பன்றியும் மந்தியும் பெயர் சொல்லின. சில நொடிகளில் எண்ணிக்கை முடிந்தது.

குகை முழுதும் அமைதி.

அப்போது வாயிலுக்கு வெளியே, பனிக்குள்ளிருந்து, "நான் வந்துவிட்டேன்" என்றது ஒரு குரல்.

அது காட்டுப்பன்றியின் குரல்!

பன்றியோ தேவாங்கின் அருகில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. அதன் பிடரிமயிர் சிலிர்த்தது.

"நான் வந்துவிட்டேன்" என்றது கடமானின் குரல், இன்னும் அருகில்.

வாயிலை அடைக்கக் கரடி கல்லில் கை வைத்தது. அந்நேரம் வெளியிலிருந்து மற்றொரு குரல், மிகவும் மெலிதாகக் கேட்டது.

"அது என் தங்கை!" என்று அலறியது சருகுமான்.

"அதுவும் பொய்க்குரலே!" என்றது கரடி.

"பொறுங்கள், அது சொல்வதைக் கேளுங்கள்" என்றது தேவாங்கு.

மூச்சடக்கிக் கேட்டனர்.

"நான் இன்னும் வரவில்லை, அக்கா. வாயிலோரப் பாறை இடுக்கில் என் கால் சிக்கிக்கொண்டது."

பனியில் உலவிய அந்த ஒன்று, கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறது என்று எல்லோருக்கும் விளங்கியது. "வரவில்லை" என்று அன்று உள்ளே ஒருவரும் சொல்லவில்லை. கரடி பாய்ந்து வெளியே கை நீட்டி, குட்டிச் சருகுமானின் காலை விடுவித்து, அதை இழுத்து உள்ளே போட்டது. கல் உருண்டு வாயிலை அடைத்தது.

மறுபுறம் ஏதோ ஒன்று அந்தக் கல்லை மெல்லத் தடவிப் பார்த்தது.

நீதி: எல்லாரும் ஒருசேரக் கத்தும் இடத்தில் உதவி கேட்பவரின் குரல் எட்டாது, முறைவைத்துப் பேசினால் நேரமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.