சும்மா இராத பிள்ளை

"மேடம், வயித்துப் பிள்ளையைச் சும்மா இருக்க வைக்க ஏதாவது வழி இருக்கா?"

கேட்டவர் கனகசபாபதி. பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை எப்படி வளர்கிறது என்று ஸ்கேன் படத்தில் பார்க்கக் கற்றுக்கொள்ள, செண்பகவல்லி டாக்டரிடம் சீடராக வந்து சேர்ந்தவர். டாக்டரைவிட வயதில் மூத்தவர். அதனால் டாக்டர் அவரைச் 'சார்' என்பார், இவர் டாக்டரை 'மேடம்' என்பார். வித்தைக்கு வயசு ஏது?

மனுஷருக்கு அன்றைக்கு ஆற்றாமை தாங்கவில்லை. தாயை எம்.ஆர்.ஐ. பெட்டிக்குள் படுக்க வைத்து, பிள்ளையின் தலையைப் படம் பிடிக்கத் தொடங்கினால் போதும். அது கையை வீசும், காலை உதைக்கும், குட்டிக்கரணம் போடும். படம் கலங்கிப் போகும். கலங்கியதை எல்லாம் கழித்துப் போட்டால் மிஞ்சுவது சொற்பம்.

வயிறு காய்ந்தால் பிள்ளை அடங்கிக் கிடக்கும் என்று, தாய்மார்களை வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். அன்று வந்த இசக்கியம்மாளும் காலைப் பலகாரத்தைத் தொடாமல்தான் வந்திருந்தாள்.

"பட்டினி போட்டும் அடங்கலை மேடம். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. எழுந்து போய்ப் பாலைச் சுட வைத்தார். கருப்பட்டியைத் தட்டிப் போட்டார். டம்ளரை நீட்டினார்.

"இதை அந்தப் பொண்ணுகிட்டக் கொடுங்க. கொடுக்கும்போது, இப்ப எங்கிட்டச் சொன்ன குறையை அவகிட்டயும் அப்படியே சொல்லுங்க சார்."

இதென்ன கூத்து என்றிருந்தது சபாபதிக்கு. பெற்றவளிடமே பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்வதா? படம் எடுத்தபின் 'முடிஞ்சதும்மா, போகலாம்' என்பதைத் தவிர, வந்த தாய்மாரிடம் அவர் வாய் திறந்ததே இல்லை. ஆனாலும் குரு சொல்லைத் தட்ட முடியுமா?

இசக்கியம்மாள் ஆஸ்பத்திரி அங்கியின் கயிற்றைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதல் பிள்ளை, எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று போன பிள்ளை. இந்தப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் அமைந்துவிட்டதால், அசைவு அவளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. நல்லாத்தான் இருக்கிறது என்று எத்தனை பேர் சொன்னாலும் அவள் நெஞ்சு ஆறவில்லை. முதல் தடவையும் அப்படித்தானே சொன்னார்கள்? இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும். சபாபதி அவளிடம் விசாரித்ததே இல்லை.

டம்ளரைக் கொடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க பிள்ளை ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது. உதைக்குது, புரளுது, கையை வீசுது. என்னால சமாளிக்க முடியலை."

பாதிப் பாலைக் குடித்திருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது. அவர் நல்லா இருக்கணும், அவர் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாயார வாழ்த்தினாள். சபாபதி ஆடிப்போனார். குறை சொன்னதற்கு யாராவது கும்பிடுவார்களா?

பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். காட்டுவதற்கு அவரிடம் இருந்தவை கழித்துப் போட்ட படங்கள்தான். அவற்றையே ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். தனித்தனியே பார்த்தபோது வெறும் கலங்கலாக இருந்தது, ஓடும்போது காலாகி உதைத்தது.

"எதுக்கு சார் இந்தக் குதி குதிக்குது?"

"கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு மூளை தேடிப் பழகுதும்மா. ஆடி ஆடித்தான் மூளை..."

புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்த வாக்கியம்தான். பாதியிலேயே அவர் வாய் நின்றுவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் யாரையாவது கும்பிட வேண்டும் போலிருந்தது.

வாசலில் டாக்டர் நிற்பதை அப்புறம்தான் கவனித்தார். டாக்டர் உள்ளே வந்தார். இன்னொரு முறை படம் எடுக்கலாமா என்று இசக்கியம்மாளிடம் விசாரித்தார். பாலைக் குடித்த தெம்பில் அவள் தாராளமாக என்றாள்.

பெட்டிக்குள் போகுமுன் தலையைத் தூக்கிச் சபாபதியைப் பார்த்தாள்.

"வயித்துல உள்ளதையும் சும்மா இருக்கச் சொல்லணுமா சார்?"

"வேண்டாம் தாயி. நீங்க மட்டும் அசையாம இருங்க. அது அதோட வேலையைப் பார்க்கட்டும்."