தவிடன் வாசலில் மஞ்சள் புல்

ஏரிக்கரைப் புதரில் தவிடன் என்ற முயலும் அவன் மனைவி பஞ்சியும் குடியிருந்தார்கள். புதருக்கு முன்னால் அருகம்புல் தரை. தவிடன் அதைக் கொறித்துக் கொறித்து ஒரே மட்டமாக வைத்திருந்தான். அந்தக் கரையில் அப்படி ஒரு வாசல் வேறு யாருக்கும் இல்லை என்பது அவன் எண்ணம். அது உண்மையும்கூட.

பஞ்சிக்கு நிறைமாதம். குட்டிகள் பிறந்து, தத்தித் தத்தி வெளியே வந்ததும் முதலில் கடிக்கப்போவது அந்தப் புல்லைத்தான். அந்த நேரம் பார்த்துத் தரையின் நடுவே ஒரு மஞ்சள் திட்டு விழுந்தது. நாளுக்கு நாள் அகன்றது.

தவிடனுக்குத் தூக்கம் போயிற்று. யார் மேலாவது பழி போட வேண்டுமே! எதிரே ஆள்காட்டிக் குருவி குஞ்சுகளோடு புல்லில் குத்திக்கொண்டிருந்தது.

"நீதானா அது! விடிஞ்சதுலேர்ந்து என் புல்லைக் கிளறிக்கிட்டே இருக்கியே!"

"உன் புல் எனக்கு எதுக்கு? நான் என்ன மாடா?" என்றது ஆள்காட்டி.

"போறவன் வர்றவனைப் பார்த்தெல்லாம் கத்தவும் செய்யுறே! வீட்டுல பிள்ளைத்தாய்ச்சி தூங்க வேணாமா?"

"நான் அப்படித்தான் கத்துவேன். வேணும்னா காதைப் பொத்திக்கோ. பொத்துறதுக்கு உனக்குத்தான் நிறைய இருக்கே!"

மறுநாள் பனங்காட்டு நரி வந்தது. ஆள்காட்டி எழும்பிப் பறந்து, "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" என்று ஊரைக் கூட்டியது. ஓடத் தயாராக நின்ற தவிடனைப் பார்த்து, நரி தூரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அதன் வாயில் ஒரு சுரைக்குடுக்கை. அதைக் கீழே வைத்தது.

"ஓடாதே தம்பி! உன் வாசல் கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை. ஊமத்தங்காய்ச் சாறும் எருக்கம்பாலும் கலந்து கொண்டுவந்திருக்கேன். ஊத்தினால் ஒரு பூச்சி மிஞ்சாது!"

"எந்தப் பூச்சி சாகும்?"

"பேர் ஊரெல்லாம் எதுக்கு? எல்லாமே சாகும்! தரை முழுக்க ஊத்து. அதோ, அந்தக் கூழாங்கல் மேட்டைச் சுத்தி இன்னும் கொஞ்சம் தாராளமா ஊத்து."

அந்தக் கூழாங்கல் மேட்டில்தான் ஆள்காட்டி குடியிருந்தது. தவிடன் அதைக் கவனிக்கவில்லை.

"இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யணும், நரியண்ணே?"

"ஒண்ணும் வேணாம்பா. குட்டிங்க பிறந்ததும் ஒருதரம் வந்து பார்த்துட்டுப் போறேன். குட்டிங்கன்னா எனக்கு உசுரு!"

நரியிடம் மருந்து வாங்கலாமா என்று தவிடன் யோசித்தான். மஞ்சள் திட்டைப் பார்த்தான். யோசனை நின்றுவிட்டது.

பஞ்சி குடுக்கையை முகர்ந்து பார்த்துத் தும்மினாள். "ஏங்க, நம்ம புல்லைத் தின்னுறது எது?"

"ஏதோ ஒரு பூச்சி!"

"அது எங்க இருக்கு?"

"புல்லுலதான் இருக்கும்! வேற எங்க, ஆகாசத்துலயா?"

"அதைப் பார்த்துட்டு ஊத்துங்களேன்."

"நீ பேசாம படு, புள்ள."

அவள் கண்ணயர்ந்ததும் தவிடன் வேலையைத் தொடங்கினான். மஞ்சள் திட்டு எப்படியும் கெட்டுவிட்டது. கெடாததையாவது காப்போம் என்று, நல்ல பச்சையாக இருந்த மூலையில் முதலில் ஊற்றினான். கூழாங்கல் மேட்டையும் மறக்கவில்லை. பாதிக் குடுக்கை தீர்ந்தது.

விடிந்ததும் ஆசையோடு வந்து பார்த்தான். பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. மண்புழுக்கள் வெளியே வந்து சுருண்டிருந்தன. மஞ்சள் திட்டு மட்டும் நேற்றைவிட ஒரு முழம் அகலமாக, சுகமாக இருந்தது.

ஆள்காட்டி குஞ்சுகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனது. சண்டைகூடப் போடவில்லை.

"எங்க கிளம்பிட்டே?"

"அக்கரைக்கு. செத்த பூச்சியை என் பிள்ளைங்களுக்கு ஊட்ட முடியுமா? இனி நீ நிம்மதியாத் தூங்கு. கத்த ஆளில்லை."

தவிடனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்போது பஞ்சி, படுக்கைக்குப் புல் பறிக்க வந்தாள். மஞ்சள் திட்டின் ஓரத்தைக் கவ்வி இழுத்தாள். ஒரு பிடிதான் இழுத்தாள்; பாயைச் சுருட்டியதுபோல அந்தப் பக்கத்துப் புல்லே கழன்று வந்தது! அடியில் வேரே இல்லை. வெள்ளை வெளேரென்று கொழுத்த புழுக்கள் வளைந்து வளைந்து கிடந்தன.

"இந்தாங்க உங்க பூச்சி," என்றாள் பஞ்சி. "மண்ணுக்குள்ள உக்காந்து வேரைத் தின்னுது. நீங்க தழையில ஊத்தினா அதுக்கு என்ன?"

தவிடன் காதுகள் தொங்கின. "அப்போ நரியண்ணன் எதுக்கு..." என்று தொடங்கியவன், பாதியில் நிறுத்தினான். கூழாங்கல் மேட்டைப் பார்த்தான். அங்கே சத்தமே இல்லை. அந்தக் கரை அவ்வளவு அமைதியாக இருந்து அவன் கேட்டதே இல்லை. குட்டிகளைப் பார்க்க வருவதாக நரி சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரே ஓட்டம்! ஏரி வளைவில் ஆள்காட்டியை மறித்து நின்றான்.

"போகாதே அக்கா! நான் ஒரு முட்டாள்!"

"அது தெரிஞ்சதுதான். என் பிள்ளைங்களுக்குச் சோறு?"

"வந்து பாரு! விருந்தே இருக்கு!"

திரும்பி வந்து, மஞ்சள் புல்லை ஓரத்திலிருந்து அவனே சுருட்டிக் கொடுத்தான். ஆள்காட்டிக் குஞ்சுகள் புழுக்களைப் போட்டிபோட்டு விழுங்கின. நஞ்சு பட்ட மண்ணைச் சுரண்டி, மீதிக் குடுக்கையோடு சேர்த்து ஆழமாகப் புதைத்தான். எட்டாத ஆழத்தில் இருந்த புழுக்களுக்கு வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து, அந்தத் திட்டின் மண்ணில் மட்டும் ஊற்றினான்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் பஞ்சிக்குக் குட்டிகள் பிறந்தன. நரிக்கு எப்படித்தான் தெரிந்ததோ! கத்துவதற்கு ஆள்காட்டி இல்லாத வாசல் என்ற நம்பிக்கையில், நாக்கைச் சப்புக் கொட்டியபடி பூனைநடை நடந்து வந்தது.

"டிட்டிட்டூ! டிட்டிட்டூ! டிட்டிட்டூ!"

தவிடனும் பஞ்சியும் ஆளுக்குச் சில குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு முட்புதரின் உள்ளே போய்விட்டார்கள். ஆள்காட்டியின் சத்தம் கேட்டு வயற்காட்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு பனங்காட்டுக்கு ஓடியது.

"அப்பப்பா, என்ன சத்தம்! பிள்ளைங்க தூங்க வேணாமா?" என்றாள் பஞ்சி, தவிடனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

"கத்தட்டும் புள்ள," என்றான் தவிடன். "இன்னும் நல்லாக் கத்தட்டும்!"

எதைக் கொல்ல வேண்டும் என்று தெரியாமல் ஊற்றும் நஞ்சு, பகைவனை விட்டுவிட்டு நம்மைக் காப்பவரைத்தான் முதலில் விரட்டும்.