நஞ்சப்பன் போட்ட சிவப்புக் கோடு

கோவையில் ஒரு பட்டறை. பழைய கார்களைப் பிரித்துப் புதுப்பித்துப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் இடம். நடத்துபவர் செண்பகவல்லி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அங்கே தயாராகும் வண்டியைப் பந்தயத்தில் அவரே ஓட்டுவார். தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அவர் வாத்தியாரம்மா.

அவரிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் நஞ்சப்பன். ஐம்பத்தாறு வயதில், மோட்டார் பம்பு கம்பெனியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, காக்கி உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றவர். வரும்போது ஒரு வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1957இல் இங்கிலாந்தில் செய்த எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர் உட்காரலாம். நீலகிரி எஸ்டேட் ஒன்றின் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டி அது. அப்போது அதைக் கார் என்று சொல்லியிருந்தால் மற்ற கார்கள் கோபித்துக்கொண்டிருக்கும்.

மூன்று வருஷம் அவர் கையாலேயே வேலை நடந்தது. வாத்தியாரம்மா சொல்லிக் கொடுத்தார், தொட்டுக் கொடுக்கவில்லை. இப்போது அது கரும்பச்சை நிறத்தில், நீண்ட மூக்கோடு, கம்பிச் சக்கரங்கள் மின்ன நிற்கிறது. கிளப்பினால் எதிர் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அதில் ஒரு திருகுகூட என்னுடையது இல்லை. ஆனாலும் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கியவர், நட்டின் மீதும் அது உட்கார்ந்த இடத்தின் மீதுமாகச் சேர்த்து ஒரு கோடு இழுக்க வேண்டும். பெண்கள் போடும் நகப்பூச்சுதான். நட்டு அசைந்தால் கோடு இரண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுக்கொரு நிறம். நஞ்சப்பனுக்குச் சிவப்பு. வாத்தியாரம்மா சோதித்துப் பார்த்துப் பக்கத்திலேயே தன் நீலக் கோட்டைப் போடுவார். நீலம் விழாத வேலை வெளியே போகாது.

அந்த நீலம் நஞ்சப்பனை உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பெனியில் அவர் கையெழுத்துக்கு மேல் கையெழுத்து கிடையாது. பந்தயத்துக்கு முந்தைய நாள், அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"வாத்தியாரம்மா, என்ற சிவப்புக்குப் பக்கத்துல நீலம் இல்லாம எப்பங்க வண்டி வெளிய போகும்?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்தார். சட்டைப் பையிலிருந்த நீலக் குப்பியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்கு நேரத்துல வந்துருங்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் நஞ்சப்பன் முன்சக்கரங்களை மட்டும் மறுபடி கழற்றி மாட்டியிருந்தார். பாக்கி எல்லா இடத்திலும் நீலம் இருந்தது. அந்த இரண்டில் மட்டும் சிவப்பு தனியாக நின்றது. அவர் குனிந்து குனிந்து பார்த்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். நீலம் போடாவிட்டால் அது நல்லதா கெட்டதா என்று அந்த அம்மாள் கேட்டார். நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

பந்தயத் தடத்தில் மறுநாள் நல்ல கூட்டம். பழைய கார்களுக்கென்றே நடத்தும் பந்தயம். பரிசோதகர்கள் வந்து சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்கள், நட்டைத் தட்டிப் பார்த்தார்கள், அனுமதிச் சீட்டை ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வண்டியைச் சுற்றி ஒரே செல்போன்கள். யார் செய்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நஞ்சப்பன் ஒவ்வொருவருக்கும் முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னார்.

பயிற்சிச் சுற்று முடித்து வாத்தியாரம்மா வந்தார். நன்றாக இழுக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நஞ்சப்பன் வழக்கப்படி குனிந்து கோடுகளைப் பார்த்தார்.

வலது முன்சக்கரத்தில் கோடு இரண்டாகியிருந்தது. நட்டின் மேலிருந்த பாதி ஓர் அரிசி அளவு தள்ளி நின்றது.

சுத்தியலை எடுத்து அடித்து இறுக்கினார். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடக் குப்பியைத் திறந்தார். அடுத்த கூடாரத்தில் ஒருவர் அதே வலது முன்சக்கரத்தை அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய சுத்தியல் வண்டியின் பின்பக்கமாகத் தள்ளி அடித்தது. தான் அடித்தது முன்பக்கமாக. நஞ்சப்பனின் கை அப்படியே நின்றது.

இந்த மாதிரிக் கம்பிச் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்ப அதில் காதுகள் இருக்கும். நட்டு சுற்றி ஏறும் மரை வலப்பக்கத்தில் ஒரு திசை, இடப்பக்கத்தில் எதிர்த்திசை. வண்டி முன்னால் ஓட ஓட நட்டு தானாக இறுகும்படி செய்த ஏற்பாடு. பாலிஷ் போடுவதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் அந்த மரையைத் தாங்கும் ஹப்புகளைக் கழற்றிய நஞ்சப்பன், திரும்ப மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார். இனி ஓட ஓட நட்டு கழலும். எந்தப் பக்கம் கழலும் என்று காட்டும் அம்புக்குறி நட்டிலேயே இருந்ததுதான். கண்ணாடி மாதிரி மின்னட்டும் என்று அதையும் சேர்த்துத் தேய்த்து எடுத்திருந்தார்.

அவர் இப்படி யோசித்து முடிப்பதற்குள் வாத்தியாரம்மா ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து வண்டியை வரிசைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இறுக்கித்தானே விட்டிருக்கிறோம், ஆறு சுற்று தாங்கும் என்று ஒரு மனம் சொன்னது. தாங்கினாலும் தாங்கியிருக்கும். தாங்காவிட்டால் வளைவில் சக்கரம் தனியாகப் போகும், உள்ளே இருப்பது வாத்தியாரம்மா. ஒலிபெருக்கியில் வண்டியின் பெயரையும் நஞ்சப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கைதட்டியது. மூன்று வருஷமாக அவர் காத்திருந்த கைதட்டல் அது.

நஞ்சப்பன் ஓடினார். கார்களுக்கு நடுவில் புகுந்து, குனிந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

"இறங்குங்க வாத்தியாரம்மா."

"ஏனுங்ணா?"

"முன்னாடி ஹப்பு ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுட்டேனுங்க. அம்பையும் நான்தான் தேச்சு எடுத்தேன்."

அவர் ஒரு கணம் நஞ்சப்பனைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். மற்ற வண்டிகள் இவர்களைத் தாண்டிப் போயின. இருவரும் வண்டியைக் கூடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காலையில் படம் எடுத்தவர்கள் இதையும் எடுத்தார்கள்.

அறிவிப்பாளர் மைக்கோடு ஓடி வந்தார். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டார்.

"எங்க ஆளு இறங்கச் சொன்னாருங்க, இறங்கிட்டேன்" என்றார் வாத்தியாரம்மா. தடம் முழுக்கக் கேட்டது. பரிசு வாங்கியவர் பேசுகிற குரல் அது. ஆனால் நஞ்சப்பன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. தலை நிமிராமல் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மத்தியானப் பந்தயத்தில் கடைசி ஆளாக நிற்க அனுமதி கிடைத்தது. வேலை முடியும்வரை வாத்தியாரம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். சக்கரத்தின் பக்கம் திரும்பவில்லை. நஞ்சப்பன் ஹப்புகளை மாற்றினார். சக்கரங்களை மாட்டி, பின்பக்கமாகத் தள்ளி அடித்து இறுக்கினார். சிவப்புக் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

வாத்தியாரம்மா எழுந்து வந்து இருக்கையில் ஏறினார்.

"ஒருக்கா பாத்துருங்க" என்றார் நஞ்சப்பன். "நீலத்த எங்கியாச்சும் வாங்கியாறேன்."

வாத்தியாரம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் குனிந்து கேட்டார்.

"காலையில ஏறும்போது இது உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுங்களா?"

"தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பனாங்ணா? என்ற பொண்ணு ஏழாவது படிக்குது."

நஞ்சப்பன் வண்டியின் கதவை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீலம் போடாம போகாதீங்க. என்ற வேலைய நானே இப்ப நம்பலைங்க. நீங்க எத நம்பி ஏறுறீங்க?"

வாத்தியாரம்மா பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அத்தன பேரு கைதட்டிட்டு இருக்கும்போது, ஓடி வந்து சாவியத் திருப்புனது யாருங்ணா?"