முதலாளியின் இரட்டிப்பு நிதி

அரிசி ஆலை முதலாளி அறவாழி ஒரு நிதி தொடங்கினார். "ஐயாயிரம் போட்டால் ஆறே மாதத்தில் பத்தாயிரம்! சேராதவனுக்கு நாளை முதல் வேலை கிடையாது" என்று ஆலை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் எல்லோரும் சேமிப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். நெல் காயவைக்கும் செம்பாயி மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

"கையில காசில்லீங்க முதலாளி. நீங்களே அஞ்சாயிரம் கடன் குடுத்து என் பேர்ல போட்டுருங்க. இரட்டிப்பானதும் கடனைக் கழிச்சுக்கிட்டு, மிச்சத்துல பாதிய வட்டியா வச்சுக்குங்க."

"அதெப்படி?" என்று பதறினார் முதலாளி. "போட்ட பணம் திரும்பி வரலைன்னா எனக்கு யாரு பதில் சொல்றது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மேசையிலிருந்த பணமெல்லாம் அவரவர் மடிக்குத் திரும்பியது. ஆளில்லாமல் ஆலை ஓடுமா? வேலையும் போகவில்லை.

அன்று தபால் ஆபீசில் கூட்டமான கூட்டம். வரிசையில் முதல் ஆளாக ஐயாயிரத்தோடு நின்றவள், கையில் காசில்லை என்ற அதே செம்பாயிதான்.