பின்வார் வைத்த செருப்பு

தாமிரபரணிக் கரையில் அம்பலவாண சுவாமியின் மடம் இருந்தது. சிறிய மடம். சுவாமிக்கு வயது நாற்பத்தைந்துக்குள்தான். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் செண்பகராமன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை வரப்பிலும் பொட்டலிலும் நடந்தே கழித்தவர்.

போன வருஷம் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே ஈரலுக்குப் பரவியிருந்தது. ஆபரேஷன் செய்து, மலம் சேர வயிற்றில் பை பொருத்தினார்கள். அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து நோயை அடக்கியது. கூடவே கை கால் விரல்களில் இருந்த உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டது.

அன்று காலை அவர் மடத்துக்குள் வந்தபோது சுவாமி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்கே?"

செண்பகராமன் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டும் இருந்தன. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. அவர் நடந்து வந்த கல்தரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. வழியில் எதையோ மிதித்திருக்கிறார். அதுவும் தெரியவில்லை.

சுவாமி வெந்நீர் கொண்டுவந்து காலைக் கழுவிவிட உட்கார்ந்தார். செண்பகராமன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். குருவின் கை தன் காலில் படுவதாவது. தானே கழுவி, தானே துணி சுற்றினார். முடிச்சு விழ வெகுநேரம் ஆனது. காயம் ஆழமில்லை. ஆனாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று சுவாமி சொன்னார். குடிக்கவும் வெந்நீரே கொடுத்தார். அந்த மருந்தால் குளிர்ந்த தண்ணீர் அவர் தொண்டையில் ஊசியாகக் குத்தும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவர் வரும் நேரத்துக்கு மடத்து அடுப்பில் வெந்நீர் கொதிக்கும்.

செண்பகராமன் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ஸ்கேன் முடிவு வந்திருக்கிறது. ஈரலில் இருந்த கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. முழுக்கக் குணமாகும் என்று சொல்லமாட்டேன், மருந்து வேலை செய்கிறவரைக்கும் கொடுப்போம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு மனைவி இசக்கியம்மாள் பாயசம் வைத்தாள். மார்கழியில் மகள் வீட்டுக்குப் போய்வரலாம் என்கிறாள். அண்ணன் வந்து, உடம்பு தெம்பாக இருக்கும்போதே சொத்துப் பத்திரத்தை எழுதிவிடு என்கிறார்.

"இரண்டு பேரும் என்மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறார்கள், சுவாமி. நான் எதைச் செய்ய? நம்பிக்கை வைக்கவா, புறப்படத் தயாராகவா?"

சுவாமி துடைப்பத்தை மூலையில் சாத்தினார்.

"வாருங்கள், செருப்பைத் தேடுவோம்."

இருவரும் பஸ் நிறுத்தம் இருந்த பக்கமாக நடந்தார்கள். துணி சுற்றிய காலோடு செண்பகராமன் மெதுவாகத்தான் வந்தார். சுவாமியும் அந்த நடைக்கே நடந்தார்.

கோயில் முக்கில் பூ விற்கிற அம்மாள் இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கையில் செருப்பு இருந்தது. மண்ணைத் துடைத்து வைத்திருந்தாள்.

"எத்தனை தடவ கூப்பிட்டேன் அண்ணாச்சி, நீங்க திரும்பவே இல்ல. நாய் தூக்கிட்டுப் போயிருமேன்னு எடுத்து வச்சேன்."

செண்பகராமன் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். கொஞ்ச தூரம் போனபிறகு பேச ஆரம்பித்தார். பை வைத்த புதிதில் அதைத் தொடவே அவருக்கு அருவருப்பாக இருந்ததாம். இசக்கியம்மாள்தான் முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், ஊசி போடுவதற்கு முன்னால் அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவாளாம். இந்த ரூட் பஸ் கண்டக்டர், இவர் இறங்கி நிதானமாக நிற்கிறவரைக்கும் விசில் கொடுப்பதில்லையாம்.

"நோய்க்கு நான் நன்றி சொல்லமாட்டேன், சுவாமி. ஆனால் இவர்களுக்கெல்லாம் எப்படிச் சொல்லித் தீர்ப்பேன்?"

சுவாமி கிடைத்த செருப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது மறுபடியும் கழலும்" என்றார்.

எதிரே செருப்புக் கடை இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் வார் போட்டு மாட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று சுவாமியே கேட்டார். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து, வளைத்துக் காட்டினார்.

"இது நல்ல சரக்கு. மூணு வருசம் தாராளமா உழைக்கும் அண்ணாச்சி."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செண்பகராமன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு அவ்வளவு உழைக்கிறது வேண்டாம். சாதாரணமாக ஏதாவது காட்டுங்கள்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. சுவாமியைப் பார்த்தார். சுவாமி அந்தச் செருப்பையே எடுத்துச் செண்பகராமனிடம் நீட்டினார், போட்டுப் பாருங்கள் என்று. அவர் மறுக்க முடியாமல் காலை நுழைத்தார். வாரைப் பிடித்தார். பக்கிளின் ஊசி எங்கே இருக்கிறது, ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தட்டுப்படவில்லை. இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை வாரை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சுவாமி கடைத்தரையில் மண்டியிட்டார்.

"சுவாமி, வேண்டாம்" என்றார் செண்பகராமன். காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

சுவாமி கையை நீட்டியபடியே இருந்தார்.

"மகள் வீட்டுக்கும் நடந்துதான் போக வேண்டும். பத்திர ஆபீசுக்கும் நடந்துதான் போக வேண்டும். காலைக் கொடுங்கள்."

செண்பகராமன் காலை நீட்டினார்.