மாசிலாமணிக்குள் புகுந்து ஓடிய செங்கோடன்

அந்தக் காலத்தில் வீடியோ கேம் பொம்மைகளுக்கு வாய் இருந்தது. இப்போது இருக்கிற மாதிரி சும்மா திறந்து மூடுகிற வாய் இல்லை, ஊர்ப்பட்ட கதை பேசுகிற வாய். உடம்பும் கெட்டியாக இருந்தது. பொம்மைகள் ஒன்றோடொன்று மோதினால் வெளியே உட்கார்ந்து விளையாடுகிறவருக்கே தோள்பட்டை வலிக்கும் என்பார்கள். இதில் கொஞ்சம் புளுகு இருக்கலாம்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பரிபூரணம் என்றொருத்தி பொம்மைகளுக்கு அசைவு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஓடுவது, எப்படிக் குனிவது, எப்படி விழுவது என்று அவள் சொல்லித் தந்தால்தான் பொம்மைக்குத் தெரியும். ஒருநாள் கடல் தாண்டியிருந்த ஒரு கம்பெனிக்காரர் பேஸ்பால் விளையாட்டு ஒன்று செய்து தரும்படி கேட்டார். பட்டறையில் ஒருவரும் பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. அதனாலென்ன, செய்துவிடலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

விளையாட்டு இதுதான். பந்தை அடித்துவிட்டு மைதானத்தின் மூன்று மூலைகளைச் சுற்றி ஓடிவந்து, கடைசியாக ஹோம் பிளேட் என்கிற வெள்ளைப் பலகையை மிதிக்க வேண்டும். அந்தப் பலகையைக் காத்துக்கொண்டு முகமூடியும் மார்க்கவசமும் மாட்டி ஒருவன் குந்தியிருப்பான், அவன்தான் கேட்சர். பந்து அவன் கைக்கு முந்தி வந்துவிட்டால், ஓடி வருகிறவன் அவனை இடித்துப் பந்தைச் சிதறவைத்தால்தான் தப்பிப்பான்.

இந்த மோதலுக்கு அசைவு கொடுக்கும்போதுதான் பரிபூரணம் தப்புப் பண்ணினாள். அவள் கபடி பார்த்து வளர்ந்தவள். ஓடி வருகிறவனைத் தொடையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம். கேட்சருக்கும் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

ஓடுகிறவன் செங்கோடன், கேட்சர் மாசிலாமணி. எதிரெதிர் அணிதான், ஆனால் ஒரே அச்சில் வார்த்த உடம்பு. மீசையும் மூக்கும்தான் வேறு. ஆட்டம் இல்லாத நேரமெல்லாம் இருவரும் பெஞ்சியில் ஒட்டி உட்கார்ந்து பேசுவார்கள். செங்கோடனுக்குப் பேசாவிட்டால் சோறு இறங்காது. பொம்மைக்கு ஏது சோறு என்று கேட்காதீர்கள், பேச்சுதான் அவனுக்குச் சோறு.

ஆட்டம் வந்தால் செங்கோடன் ஓடி வந்து இடிப்பான், மாசிலாமணி தொடையைக் கட்டுவான், இரண்டு பேரும் பின்னிக்கொண்டு உருளுவார்கள். பிரித்தெடுக்கும்போது சேதாரம் எப்போதும் மாசிலாமணிக்குத்தான். ஒருமுறை சுண்டுவிரல் காணாமல் போனது. இன்னொருமுறை முழங்கால் தரைக்குள் புதைந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் செங்கோடன் பதறிக்கொண்டு, "பட்டுச்சாடா?" என்று கேட்பான். கழுத்து முதுகுப் பக்கம் திரும்பியிருக்கிற நிலையிலும் மாசிலாமணி, "படலடா, போ" என்பான்.

பரிபூரணம் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. கம்பெனிக்காரர் நாளைக்குப் பார்க்க வருகிறார், அவர் முன்னால் இந்தக் கேட்சர் இன்னொரு தடவை உடைந்தால் அழித்துவிட்டு வேறு பொம்மை போடு என்று சொல்லிவிட்டார். செங்கோடன், மாசிலாமணி இருவர் காதிலும் அது விழுந்தது. செங்கோடன் நேரே பரிபூரணத்திடம் போனான்.

மாசிலாமணி கட்டிப்பிடிக்காதபடி மாற்றிவிட முடியாதா என்று கேட்டான். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றாள். அப்படியானால் நான் பலகைக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறேன் என்றான்.

"உன் காலு உன் பேச்சைக் கேக்காது சாமி. பொத்தானை அழுத்தறவங்க பேச்சைத்தான் கேக்கும்."

"அப்ப நானே அவனைக் கொல்லோணுமாங்க அக்கா?"

பரிபூரணம் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னாள். செங்கோடன் உடம்பின் கெட்டியைக் கழற்றிவிடலாம், இடித்தாலும் யாருக்கும் உறைக்காது.

"ஆனாக்க பேச்சும் அந்தக் கெட்டியிலதான் கண்ணு இருக்குது. அது போனா இதும் போயிரும்."

நாளைக்குக் காலையில் கழற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் செங்கோடன் பெஞ்சிக்குத் திரும்பினான். அன்று முழுக்கப் பேசினான். சொன்ன கதையையே திரும்பச் சொன்னான், அம்பயரின் தொப்பையைக் கிண்டல் பண்ணினான், பார்வையாளர் வரிசையில் ஒரே முகமாக உட்கார்ந்திருக்கிற பொம்மைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பெயர் வைத்தான். கெட்டியைக் கழற்றப்போகிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மாசிலாமணி விடமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். இன்றைக்கு உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா என்று மாசிலாமணி சிரித்துக்கொண்டே கேட்டான்.

மறுநாள் கம்பெனிக்காரர் தானே பொத்தானைக் கையில் எடுத்தார். செங்கோடன் மூன்றாம் மூலையைத் தாண்டி ஓடி வந்தான். பந்து முந்திக்கொண்டு மாசிலாமணியின் கையுறைக்குள் வந்து விழுந்தது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே மாசிலாமணி தொடையைக் கட்ட இரண்டு கையையும் விரித்தான்.

கைக்குள் ஒன்றும் அகப்படவில்லை. செங்கோடன் அவன் நெஞ்சு வழியாகப் புகுந்து முதுகு வழியாக வெளியே போய்ப் பலகையின் மேல் நின்றான். மாசிலாமணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவனுக்குத் திக்கென்றது. தன்னைக் காப்பாற்றத்தான் இவன் உடம்பில் ஏதோ மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று புரிந்தது. இடிபட்டவன் விழாமல் நின்றால் வந்திருப்பவர் சும்மா இருப்பாரா, கோளாறு செங்கோடனிடம் என்று கண்டுபிடித்து அவனை அல்லவா அழிப்பார்கள். அதனால் மாசிலாமணி விழுந்தான். செங்கோடன் கையைத் தூக்கிக் கொண்டாட ஆரம்பித்த பிறகு, சாவகாசமாக, மல்லாக்க விழுந்து இரண்டு காலையும் உதைத்தான். நடிப்பு அவனுக்குச் சுத்தமாக வராது.

கம்பெனிக்காரர் திரையையே பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார், இதை மாற்றவே கூடாது என்றார். முதலாளிக்கு உயிர் வந்தது.

பலகையின் மேல் செங்கோடனின் கால்கள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தன. தலை மட்டும் முழுக்கப் பின்னால் திரும்பி மாசிலாமணியைப் பார்த்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. என்ன கேட்கிறான் என்று மாசிலாமணிக்குத் தெரியாதா.

"படலடா, போ" என்றான். முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. அழுகை வந்துவிட்டது அவனுக்கு.

அன்றைக்கே பரிபூரணத்திடம் போய் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, என்னுடைய கெட்டியையும் கழற்றிவிடுங்கள் என்று கேட்டான். உனக்கு ஒரு ஆபத்தும் இல்லையே, நீயாவது பேசிக்கொண்டிரு என்றாள் அவள்.

"ஆருகிட்டப் பேசறதுங்க அக்கா?"

அவளால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. கழற்றி எடுத்தாள். பின்னால் வந்த பேஸ்பால் பொம்மைகளையெல்லாம் இந்த இரண்டு உடம்புகளைப் பார்த்துத்தான் வார்த்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இது. இன்றைக்கும் பேஸ்பால் கேமில் ஓடி வருகிறவன் கேட்சரின் நெஞ்சுக்குள் புகுந்து போவான். கேட்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாமதமாக விழுந்து காலை உதைப்பான். ஓடினவன் தலையை மட்டும் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டு குதிப்பான். விளையாடுகிற பிள்ளைகள் கேம் கெட்டுப்போய்விட்டது என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவன் பட்டுச்சாடா என்று கேட்கிறான், இவன் படலடா, போ என்கிறான்.